ஜனநாயகமும் வளர்ச்சியும் வந்தால் வருமான ஏற்றத்தாழ்வு குறையுமா?

வருமான ஏற்றத்தாழ்வு என்பது பணக்காரருக்கும் ஏழைக்கும் கிடைக்கும் வருமானப் பங்கில் உள்ள இடைவெளி. வளர்ச்சி சமையல்கட்டில் சோற்றைக் கூட்டும். பந்தியின் கடைசி இலையில் இருப்பவருக்கும் கேட்டு வாங்கக் குரல் தருவது ஜனநாயகம்.

பிரேசிலைப் பாருங்கள். ராணுவ ஆட்சியில் பொருளாதாரம் வேகமாக வளர்ந்தும் இடைவெளி விரிந்தது. ஆட்சி மாறிய 1985-இல்தான் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஓட்டு கிடைத்தது. எனக்கு இதுதான் பெரிய திருப்பமாகப் படுகிறது. அப்புறம் அவர்களைக் கண்டுகொள்ளாமல் அரசியல் செய்வது கடினமானது. குறைந்தபட்சக் கூலி உயர்ந்தது. 2003-இல் வந்த 'போல்சா ஃபமிலியா' திட்டத்தில், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பத்துக்கு, பெரும்பாலும் தாயின் பெயரிலேயே, மாதாமாதம் பணம் வந்தது. அந்தப் பத்தாண்டில் இடைவெளி கண்கூடாகக் குறைந்தது.

ஓட்டுரிமை வந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வெள்ளையரின் நிறவெறி ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்காவில் 1994-இலேயே எல்லா இனத்தவரும் ஓட்டுப் போட்டார்கள். ஆனால் நிலமும் சொத்தும் பெரும்பாலும் பழையபடி வெள்ளையர் கைகளிலேயே தங்கியதால், ஏற்றத்தாழ்வு அங்கே இன்னும் மிகக் கடுமையாகவே இருக்கிறது.