கணவர் ஐ.நா. அமைதிப்படையில் ஒரு வருடம் தென் சூடானின் மலக்காலுக்குப் போகிறார். அங்கே அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? வீட்டில் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2013 ஏப்ரலில் ஜோங்லே மாநிலத்தில் குமுருக் அருகே பதுங்கித் தாக்கியதில் இந்திய வீரர்கள் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அதே வருடம் டிசம்பரில் அகோபோவில் இருந்த ஐ.நா. முகாம் தாக்கப்பட்டது. 2016 பிப்ரவரியில் மலக்கால் முகாமை ஒட்டிப் பொதுமக்கள் தஞ்சம் புகுந்திருந்த இடத்திலேயே பெரிய கலவரம் நடந்தது. ஆனால் வருடத்தின் பெரும்பாலான நாட்களில் வீரரைப் படுத்துவது துப்பாக்கி அல்ல. கொசு, சேறு, வெயில், போதாக்குறைக்கு ஊரில் முடிக்காமல் விட்டுவந்த வேலை. கடைசியாகச் சொன்னதை நீங்கள் இப்போதே சரிசெய்ய முடியும்.

முதலில் அங்கே நாள் எப்படிப் போகும் என்று சொல்லிவிடுகிறேன். வெயில் ஏறுமுன் உடற்பயிற்சி, பிறகு அன்றைய டியூட்டி. முகாம் காவல், கண்காணிப்புக் கோபுரம், ஐ.நா. ஊழியர்களுக்கும் நிவாரண வண்டிகளுக்கும் துணைப்பாதுகாப்பு, ரோந்து என்று மாறி மாறி வரும். கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்; அதில் குண்டு துளைக்காத கவசமும் நீல ஹெல்மெட்டும் அணிந்து மணிக்கணக்கில் நிற்க வேண்டும். மழைக்காலம் ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை. அங்கே மண் களிமண்ணாக இருக்கும் கரிசல். நல்ல மழை ஒன்று பெய்தால் வண்டி அச்சு வரை புதையும், சாலை என்று ஒன்று இருக்காது. அப்போது நைல் நதியில் படகு, இல்லாவிட்டால் ஹெலிகாப்டர்தான்.

தொலைவில் உள்ள கிராமங்களுக்குப் பல நாள் ரோந்து போவதும் உண்டு. தற்காலிக முகாம் போட்டுத் தங்குவார்கள், அங்கே சிக்னல் கிடைக்காது. ஆகவே மூன்று நான்கு நாள் போன் வராவிட்டால் முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று முன்கூட்டிச் சொல்ல அவர்களுக்கு அனுமதி கிடையாது, துருவிக் கேட்காதீர்கள். அவர் அனுப்பும் முகாம் படங்களை வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் வைக்கவும் வேண்டாம். கெட்ட செய்தி என்றால் அது யூனிட் வழியாகத்தான் வரும், உறவுக்காரர் குழுவில் சுற்றும் வீடியோவாக வராது. இந்தியாவில் உள்ள அவருடைய தாய் யூனிட்டில் பேச வேண்டிய ஜே.சி.ஓ.வின் (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரியின்) எண்ணை அவர் கிளம்புமுன் வாங்கி, ஒருமுறை பேசியும் வைத்துக்கொள்ளுங்கள்.

நேர வித்தியாசம் சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பாதிச் சண்டை அதனால்தான். 2021 பிப்ரவரியில் தென் சூடான் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளியது. இப்போது நாம் அவர்களைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். இரவுச் சாப்பாடு முடிந்து எட்டு மணிக்கு அவர் கூப்பிட்டால் இங்கே பதினொன்றரை, பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். அங்கே மதியம் ஒன்றரை என்பது இங்கே மாலை ஐந்து. பள்ளி விட்டு வந்திருப்பார்கள். சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான நாள் நடக்கும்.

பணத்தைப் பற்றி ஊரில் பெரிய கற்பனை உண்டு. ஐ.நா. ஒரு வீரருக்கு மாதம் 1,400 டாலருக்கு மேல் தருகிறது என்பது உண்மைதான். 2018 ஜூலையில் அந்தத் தொகை 1,428 டாலர். ஆனால் அது நாட்டின் அரசுக்குப் போகிறது, வீரர் கைக்கு வருவதில்லை. ஐ.நா. வீரருக்கு நேரடியாகத் தருவது ஒரு நாளைக்கு 1.28 டாலர், ஆறு மாதத்துக்கு 15 நாள் வரை விடுப்புப்படியாக நாளொன்றுக்கு 10.50 டாலர். மற்றபடி இந்தியாவில் வரும் சம்பளமும், அரசு நிர்ணயிக்கும் வெளிநாட்டுப் படியும்தான். படி எவ்வளவு என்பதைப் பதவிக்கேற்ப யூனிட் கிளார்க் எழுதிக் காட்டுவார். அதற்கு முன் மனை பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

இனி வீட்டுப்பக்கம். வங்கியோடும் ஆதாரோடும் இணைந்த சிம்மை அவர் எடுத்துக்கொண்டு போனால் அங்கே ஓ.டி.பி. வந்து சேருவது நிச்சயமில்லை. சிம் வீட்டில் ஒரு பழைய போனில் இருக்கட்டும். 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் இணைப்பை நிறுவனம் துண்டித்துவிடலாம், அதனால் ரீசார்ஜும் அவ்வப்போது ஒரு அழைப்பும் தேவை. சிம் இல்லாத அவருடைய போனில் அதே எண்ணின் வாட்ஸ்ஆப் தொடர்ந்து வேலை செய்யுமா என்று கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். ஓ.டி.பி. கேட்டு யார் அழைத்தாலும், யூனிட் பெயரைச் சொன்னாலும், கொடுக்காதீர்கள். சம்பளக் கணக்கை இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கும்படி கூட்டுக் கணக்காக்குங்கள். திருமணம், குழந்தை பிறப்பு எல்லாம் பார்ட் டூ ஆர்டரில் (வீரரின் குடும்ப விவரங்களை யூனிட் பதிவு செய்யும் ஆணை) ஏறியிருக்கிறதா, ராணுவக் குழுக் காப்பீட்டு நாமினி இன்னும் அம்மா பெயரிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். கல்யாணத்துக்குப் பிறகு இதை மாற்றாமல் விட்டவர்கள் நிறையப் பேர்.

நிலம், வீடு சம்பந்தமாகக் கையெழுத்து தேவைப்படும் என்றால் பொது அதிகாரப் பத்திரத்தை (அவருக்குப் பதில் நீங்கள் கையெழுத்திட உதவும் 'பவர்') இங்கேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டுப் போகட்டும். அங்கிருந்து அனுப்புவதென்றால் தலைநகர் ஜுபாவில் உள்ள இந்தியத் தூதரகம் வரை போக வேண்டும். பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்ட வேண்டும். மலக்காலிலிருந்து ஜுபாவுக்கு ஐ.நா. விமானத்தில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. பங்காளி வழக்கு ஏதாவது நடந்துகொண்டிருந்தால், 1925 ஆம் ஆண்டு இந்திய ராணுவ வீரர்கள் வழக்குச் சட்டம் இருப்பதை வக்கீலிடம் நினைவுபடுத்துங்கள். ராணுவத்தின் சான்று கிடைத்தால் அவர் இல்லாத நேரத்தில் விசாரணையை நிறுத்திவைக்கக் கோரலாம். எல்லைக்கல் பிடுங்குவது மாதிரியான தொல்லைக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகுங்கள். பெயர் அப்படி இருந்தாலும் பணியில் இருப்பவர் குடும்பத்தின் மனுவையும் வாங்குவார்கள்.

பெட்டியில் மிளகாய்த்தூள், சாம்பார்பொடி, பெருங்காயம், கெட்டிப்புளி போட்டு அனுப்புங்கள். ஐ.நா. ரேஷனில் அரிசி, கோழி, காய்கறி குறைவில்லாமல் வரும். நம் வாய்க்கு ருசி வராது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை பயண ஆவணங்களோடு கைப்பையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் அங்கிருந்து லீவில் இறங்கினால் விமான நிலையத்திலிருந்தே ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள், லீவில் ஒரு வாரம் போச்சு.

கடைசியாக, மலேரியா. தடுப்பு மாத்திரை பொதுவாக டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் தினமும், அல்லது மெஃப்ளோகுயின் வாரம் ஒன்று. டாக்ஸிசைக்ளினைப் பாலோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சேர்வது குறையலாம். நிறையத் தண்ணீரோடு போட்டு அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். மெஃப்ளோகுயின் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுத்துக் கெட்ட கனவுகளைக் கொடுக்கும். போனில் அவர் சிடுசிடுப்பது தொடர்ந்தால் மாத்திரையும் காரணமாக இருக்கலாம், முகாம் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு மாத்திரையையும் ஊருக்கு வந்த பிறகு நான்கு வாரம் தொடர வேண்டும். இதைத்தான் பெரும்பாலும் நிறுத்திவிடுகிறார்கள். திரும்பி வந்த மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் என்றால் "வைரல்தான்" என்று மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்று முதல் வாக்கியத்திலேயே டாக்டரிடம் சொல்லி, அன்றே மலேரியா ரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஒருமுறை இல்லை என்று வந்தால் போதாது. 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு முறை பார்க்க வேண்டும்.