நீள மெத்தடை உடைப்பது: கேள்வி பதில்

செமிகோலன்: பில் போடும் மெத்தட் (பெயர் சொல்லிக் கூப்பிடும் கோடுத் துண்டு) ஒன்று, ஜாவா மொழியில், 380 வரி. சரிபார்ப்பு, தள்ளுபடி, வரி (டாக்ஸ்), பிடிஎஃப், மெயில் எல்லாம் அதற்குள்தான். தானாகச் சரிபார்க்கும் டெஸ்ட் கிடையாது. எங்கே ஆரம்பிக்கலாம்?

பதில்: டெஸ்டில் ஆரம்பியுங்கள். நிஜ ஆர்டர்களில் வகைக்கு ஒன்றாக 20, 30 எடுங்கள்: தள்ளுபடி உள்ளது, இல்லாதது, அளவு பூஜ்யம், ரத்தானது. மெத்தடை ஓட்டி, வருவதை அப்படியே ஃபைலில் சேமியுங்கள். விடை சரியா தப்பா என்று இப்போது பார்க்க வேண்டாம். இன்று என்ன வருகிறதோ அதுதான் அளவுகோல். உள்ளே இன்றைய தேதியைக் கேட்கும் வரி இருந்தால் அதை முதலில் பாராமீட்டராக்குங்கள் (வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பு), இல்லாவிட்டால் ஒப்பீடு நாளைக்கே உடையும். மெயில் அனுப்பும் வரியைத் துண்டித்துவிட்டு ஓட்டுங்கள், வாடிக்கையாளர் பாவம்.

பிறகு, பிரிக்க நினைக்கும் துண்டு எந்த வேரியபிள்களைப் படிக்கிறது, எவற்றை மாற்றுகிறது என்று பாருங்கள். படிப்பவை பாராமீட்டராகும். மாறுவதில் ஒன்று மட்டும் கீழே தேவைப்பட்டால் அதுவே ரிட்டர்ன், அதாவது மெத்தட் திருப்பித் தரும் மதிப்பு. இரண்டு மூன்று தேவைப்பட்டால் வெட்டிய இடம் தப்பு. பெரும்பாலும் ஒரே லூப் மொத்தம், வரி, எடை மூன்றையும் கூட்டிக்கொண்டிருக்கும். லூப்பை மூன்றாகப் பிரித்த பிறகு ஒவ்வொன்றையும் வெளியே எடுங்கள்.

துண்டின் நடுவே ரிட்டர்ன், பிரேக், கன்டினியூ இருந்தால் உஷார். வெளியே எடுத்ததும் ரிட்டர்ன் புது மெத்தடை விட்டுத்தான் வெளியேறும், பழைய மெத்தட் பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விடும். இன்டெல்லிஜே எடிட்டரில் கண்ட்ரோல்+ஆல்ட்+எம் அழுத்தினால் இதில் பலவற்றை அதுவே பார்த்துக்கொள்ளும். கையால் கட்-பேஸ்ட் செய்யாதீர்கள்.

நள்ளிரவு டீ: ஒரு மெத்தட் எத்தனை வரி இருக்கலாம்?

பதில்: கோடைச் சோதிக்கும் கருவிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. அளவை மாற்றாமல் விட்டால் ருபோகாப் 10 வரி தாண்டியதும் முனகும், இஎஸ்லின்ட்டின் வரி எண்ணிக்கை விதி 50, செக்ஸ்டைல் 150 வரை பேசாது. வரியை எண்ணாமல், ‘இது என்ன செய்கிறது’ என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். நடுவில் ‘அப்புறம்’ வந்தால் அங்கே ஒரு வெட்டு.

பில்டு பிரேக்கர்: மன்னிக்கணும், ஒப்புக்கொள்ள முடியாது. 380 வரியை மேலிருந்து கீழே ஒரே மூச்சில் படித்துவிடலாம். அதை 40 மெத்தடாக்கினால் தாவித்தாவி மண்டை காய்கிறது.

பதில்: தாவ வேண்டியிருந்தால் பெயர் பொய் சொல்கிறது என்று பொருள். ‘ப்ராசஸ் டேட்டா 2’ என்று வைத்தால் யாரும் உள்ளே போய்த்தான் பார்ப்பார்கள். ‘வரியைக் கணக்கிடு’ என்று வைத்துவிட்டு உள்ளே டேட்டாபேஸில் எழுதினாலும் அதே கதி.

பில்டு பிரேக்கர்: நல்ல பெயர் வைத்தே சொல்கிறேன். ஒரே ஒரு இடத்தில் கூப்பிடப்படும் 3 வரிக்கு எதற்குத் தனி மெத்தட்?

பதில்: அந்த 3 வரி ‘எப்படி’ என்பதாகவும் சுற்றியுள்ளவை ‘என்ன’ என்பதாகவும் இருந்தால் பிரிக்கலாம். ஏற்கெனவே தெளிவாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம்தான்: 7 பாராமீட்டர் வாங்கும் துண்டு, அல்லது பாராமீட்டரைத் தவிர்க்க எல்லாவற்றையும் கிளாஸ் ஃபீல்டாக்கிய (கிளாஸின் எல்லா மெத்தடும் தொடும் வேரியபிள்) துண்டு, 380 வரியைவிட மோசம். இரண்டாவதில் எதை முதலில் கூப்பிட வேண்டும் என்பதே மறைந்துவிடும். அப்படி வந்தால் திரும்ப உள்ளே ஒட்டிவிட்டு வேறு இடத்தில் வெட்டுங்கள்.

நெஸ்டட் இஃப்: 6 அடுக்கு இஃப். டெஸ்ட் எழுத நேரமில்லை. நேரடியாக உடைக்கலாமா?

பதில்: கூடாது. டெஸ்ட் பற்றி முதல் பதிலில் இருக்கிறது. அடுக்குக்கு: கண்டிஷனைத் திருப்பிப் போட்டு ஆரம்பத்திலேயே ரிட்டர்ன் செய்யுங்கள், ஒரு தடவைக்கு ஒரு அடுக்கு. திருப்பும்போது ‘அண்ட்’ ‘ஆர்’ ஆகும், மறக்காதீர்கள்.

ஹீப் டம்ப்: நிறைய மெத்தட் கால் வந்தால் வேகம் குறையாதா?

பதில்: ஜாவாவில் பெரும்பாலும் நேர்மாறு. ஜாவாவை ஓட்டும் ஹாட்ஸ்பாட் ஜேவிஎம் அடிக்கடி ஓடும் சிறு மெத்தடைக் கூப்பிடும் இடத்திலேயே விரித்துவிடும். பைட்கோடு (ஜேவிஎம் படிக்கும் வடிவம்) 8000 பைட்டைத் தாண்டிய மெத்தடை, செட்டிங்கை மாற்றாதவரை மெஷின் கோடாகக் கம்பைலே செய்யாது, கடைசிவரை கட்டளை கட்டளையாக ஓட்டும் இன்டர்பிரட்டர்தான்.

ரவுண்ட் ஆஃப்: வரிக் கணக்கைத் தனி மெத்தடாக்கினேன், பில்லில் 1 பைசா உதைக்கிறது.

பதில்: மொத்தத்தில் ரவுண்ட் செய்ததை ஒவ்வொரு பொருளிலும் செய்கிறீர்கள். 33.35 ரூபாய்ப் பொருள் மூன்று, வரி 18%. மொத்தம் 100.05க்கு வரி 18.009, அதாவது 18.01. தனித்தனியாக 6.003, ரவுண்டில் 6.00, மூன்றுக்கு 18.00. ரவுண்டை வெளி மெத்தடிலேயே வையுங்கள். பழைய முறையே தப்பு என்று தோன்றினாலும் இந்தக் கமிட்டில் (ஒரே தடவையாகப் பதியும் மாற்றத் தொகுப்பில்) திருத்தாதீர்கள். உடைப்பது ஒரு கமிட், திருத்துவது வேறு கமிட்.

கோடு கன்னி: எத்தனை வரி தாண்டினால் உடைக்கணும்? டெஸ்ட் இல்லாமல்…

பதில்: நள்ளிரவு டீக்குச் சொன்னது. டெஸ்டுக்கு, செமிகோலனுக்குச் சொன்னது.

பழைய பாவி: உடைத்த பிறகு கிட் பிளேமில் (எந்த வரியை யார் மாற்றினார் என்று காட்டும் கட்டளை) எல்லா வரியிலும் என் பெயர்!

பதில்: மைனஸ் சின்ன டபிள்யூ, மைனஸ் பெரிய எம் சேர்த்து ஓட்டுங்கள். முதலாவது இன்டென்ட் மாற்றத்தைக் கண்டுகொள்ளாது, இரண்டாவது அதே ஃபைலுக்குள் இடம் மாறிய வரிகளை எழுதியவர் பெயரிலேயே காட்டும். வேறு ஃபைலுக்குப் போயிருந்தால் மைனஸ் பெரிய சி.