குடல்தாங்கியில் நீர்க்கட்டி: ஊசியால் நீரை எடுத்தால் போதாதா?

தம்பிக்கு ஸ்கேனில் ‘மெசென்டெரிக் சிஸ்ட்’, அதாவது குடலைத் தாங்கும் சவ்வில் வளரும் நீர்க்கட்டி, என்று வந்திருக்கிறது, அறுவை சிகிச்சை இல்லாமல் ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்ல. எட்டு வயதில் என் மகளுக்கு இந்தக் கட்டி வந்தபோது, நான் முதலில் கேட்டதும் இதைத்தான்.

அவளுக்கு அடிக்கடி தொப்புளைச் சுற்றி வலிக்கும். பூச்சி மாத்திரை கொடுத்தோம், ஓமத் தண்ணீர் கொடுத்தோம். ஒருநாள் குளிப்பாட்டும்போது என் மனைவியின் கையில் ஒரு உருண்டை தட்டுப்பட்டது. முதல் ஸ்கேனில் சினைப்பைக் கட்டியாக இருக்கலாம் என்று எழுதினார்கள். எட்டு வயதுக் குழந்தைக்குச் சினைப்பையில் கட்டியா என்று அன்றிரவு நாங்கள் தூங்கவே இல்லை.

அடுத்துப் பார்த்த அறுவை மருத்துவர் ஸ்கேன் தாளை ஓரமாக வைத்துவிட்டு, அவளைப் படுக்கவைத்துக் கட்டியை மெதுவாகத் தள்ளிப் பார்த்தார். பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போனது. மேலும் கீழும் அவ்வளவாக அசையவில்லை. சிறுகுடலைப் பின்சுவரோடு பிடித்திருக்கும் விசிறி போன்ற சவ்வுதான் குடல்தாங்கி. அதன் வேர் இடது மேல்புறத்திலிருந்து வலது கீழ்ப்புறமாகச் சாய்ந்து, ஏறத்தாழ 15 செ.மீ. நீளத்துக்கு ஒட்டியிருக்கும். அதில் வளரும் கட்டி அந்தக் கோட்டுக்குக் குறுக்கேதான் எளிதாக நகரும். 1880இல் இத்தகைய கட்டியை வெற்றிகரமாக அகற்றிய பிரெஞ்சு மருத்துவர் டில்லோவின் பெயரால் இந்த அறிகுறியை அழைக்கிறார்கள். பிறகு எடுத்த சி.டி. ஸ்கேனில் இரண்டு சினைப்பைகளும் நலமாகத் தனித்துத் தெரிந்தன. கட்டி மிகப் பெரிதாகிவிட்டால் இந்த அசைவு தெரியாது; வயிற்றில் நீர் கோத்திருக்கிறது என்றுகூடத் தவறாக எண்ண நேரும். பெரியவர்களில் மருத்துவமனையில் சேரும் ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கும், குழந்தைகளில் 20,000 பேரில் ஒருவருக்கும் வருவதாகச் சொல்லப்படும் நோய் இது. சட்டென்று நினைவுக்கு வராததற்காக முதல் மருத்துவர் மீது எனக்குக் கோபமில்லை.

ஊசியைப் பற்றிக் கேட்டபோது அறுவை மருத்துவர் சொன்னது: “நீரை எடுக்கலாம், பையை எடுக்க முடியாதே. திரும்ப நிரம்பும்.” கிருமி தொற்றலாம், ரத்தம் கசியலாம். அது நாடாப்புழுவால் வரும் ஹைடாடிட் கட்டியாக இருந்துவிட்டால், கசியும் நீரே கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். ஆகவே உறிஞ்சிவிடச் சொல்லி நீங்களாக வற்புறுத்த வேண்டாம்.

மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது வேறொன்று: கட்டிக்கும் குடலுக்கும் ரத்தக் குழாய் பொதுவா, தனியா? தனியென்றால் கட்டியை மட்டும் உரித்தெடுக்க முடியும். பொதுவென்றால் குடலிலும் ஒரு துண்டை வெட்டி இணைக்க வேண்டியிருக்கும். ஒப்புதல் படிவத்தில் அந்த வரியைப் படித்ததும் என் மனைவி அழுதுவிட்டார். நல்லவேளையாக மகளுக்குக் குடலில் கை வைக்க நேரவில்லை. உள்ளே இருந்தது பால் போன்ற வெண்ணிற நீர், கொழுப்பு கலந்த நிணநீர். திசுப் பரிசோதனையில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. இந்தக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை அப்படித்தான்.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தாலும், அதற்குள் தம்பிக்குத் திடீரென்று கடும் வலியோ, பச்சையாக வாந்தியோ, காய்ச்சலோ வந்தால் அந்த நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். கட்டியோடு சேர்ந்து குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ஸ்கேன் தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.