29 வயதில் இரண்டாவது இருதய ஆபரேஷன்: வீட்டுக் கடனா, வால்வுக்குப் பணமா?

கேள்வி: எனக்கு வயது 29. கோவையில் பெற்றோருடன் இருக்கிறேன். தனியார் வேலை, கைக்கு வரும் சம்பளம் ரூ.62,000. பிறவியிலேயே இருதயத்தில் கோளாறு. டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்று பெயர். 5 வயதில் சென்னையில் ஆபரேஷன் செய்தார்கள். "எல்லாம் சரியாப் போச்சு" என்று அப்பா சொன்னதோடு நாங்கள் டாக்டரிடம் போவதையே விட்டுவிட்டோம். போன வருடம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. எம்ஆர்ஐ எடுத்ததில், நுரையீரலுக்குப் போகும் வால்வு கசிகிறது, இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்ற வேண்டியிருக்கும் என்கிறார்கள். நெஞ்சைத் திறந்து செய்தால் 5 முதல் 6 லட்சம், தொடை வழியாக கதீட்டர் என்ற மெல்லிய குழாயில் வைத்தால் 15 லட்சம் வரை ஆகலாமாம். கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் 3 லட்சம்தான். எஃப்டியில் 4 லட்சம், மியூச்சுவல் ஃபண்டில் 3.2 லட்சம் இருக்கிறது. மாதம் 10,000 எஸ்ஐபி (மாதாமாதம் ஃபண்டில் போடுவது) போகிறது. அப்பா வீடு வாங்கச் சொல்கிறார், 45 லட்சம் கடன் எடுக்க வேண்டும். பெங்களூரில் ஒரு சின்ன நிறுவனம் 85,000 தருவதாகச் சொல்கிறது, ஆனால் அங்கே குரூப் இன்சூரன்ஸ் கிடையாது. ஒரு ஏஜென்ட் தீவிர நோய் பாலிசி (பட்டியலில் உள்ள பெரிய நோய் வந்தால் மொத்தமாகப் பணம் தருவது) எடுக்கச் சொல்கிறார். பழைய ஆபரேஷனை ஃபாரத்தில் எழுத வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?
(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: முதலில் அந்த ஏஜென்ட் விஷயத்தை முடித்துவிடலாம். அவர் சொல்வது போலக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உங்கள் நெஞ்சின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு தழும்பு இருக்கும். நாளைக்கு கிளெய்ம் போடும்போது ஆஸ்பத்திரி எழுதும் முதல் வரியே "5 வயதில் அறுவை சிகிச்சை செய்யப்பட்டவர்" என்றுதான் இருக்கும். மறைத்ததற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை. இன்னொரு கூத்தும் இருக்கிறது. தீவிர நோய் பாலிசிகளில் "வால்வு மாற்று அறுவை" என்ற நோய்க்கு இந்தியாவில் எல்லா நிறுவனங்களும் ஒரே வரையறையைத்தான் வைத்திருக்கின்றன. அதன்படி நெஞ்சைத் திறந்து செய்தால் மட்டுமே பணம். கதீட்டர் வழி செய்தால் கிடையாது. அதோடு ஏற்கெனவே உள்ள நோய்க்கு இந்தப் பாலிசிகள் பெரும்பாலும் பணம் தருவதில்லை. ஆக, பொய் சொல்லி வாங்கினாலும் அந்தப் பாலிசி உங்களுக்கு உதவாது.

இனி நோயைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நான் டாக்டர் இல்லை, ஆனால் இது புரியாமல் பணக் கணக்கு போட முடியாது. ஃபாலோ கோளாறில் இருதயத்துக்குள் ஓட்டை இருக்கும், நுரையீரலுக்குப் போகும் வழி குறுகியிருக்கும். குழந்தையாக இருக்கும்போது ஓட்டையை அடைத்து, குறுகிய வழியை ஒட்டுப்போட்டு அகலப்படுத்துவார்கள். அகலப்படுத்தியதில் வால்வு சரியாக மூடாது. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் திரும்பி வந்து, வலது கீழறை இருபது இருபத்தைந்து வருடங்களில் பெரிதாகிவிடும். உங்களுக்கு நடந்திருப்பது இதுதான். யாரும் தப்புச் செய்யவில்லை. இந்த ஆபரேஷனை 1954-ல் அமெரிக்காவில் டாக்டர் லிலிஹை முதன்முதலில் செய்ததிலிருந்து, குழந்தைகள் பிழைத்து வளர்ந்து, உங்களைப் போல வேலைக்குப் போகும் ஒரு தலைமுறையே உருவாகியிருக்கிறது. ஆனால் நம் ஊரில் "ஓட்டையை அடைச்சாச்சு" என்றதும் ஃபைலையும் பரணில் போட்டுவிடுகிறோம்.

புதிதாக வைக்கப்போகும் வால்வும் ஆயுளுக்கும் தாங்காது. இந்த இடத்தில் பெரும்பாலும் வைப்பது திசு வால்வு. பொதுவாக 10 முதல் 15 வருடம் உழைக்கும். அப்படியென்றால் 31, 32 வயதில் ஒன்று, 45 வாக்கில் இன்னொன்று, அதற்கப்புறமும் ஒன்று இருக்கலாம். இதை ஒரு முறை வந்து போகும் செலவாக நினைத்தால் எல்லா முடிவும் தப்பாகும். முதிர்வுத் தேதி ஓரளவு தெரிந்த கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் உங்களுக்கு என் யோசனை இது: இந்த வால்வுக்குக் கம்பெனி இன்சூரன்ஸும் உங்கள் சேமிப்பும். அடுத்த வால்வுக்கு, இன்றைக்கே எடுக்கும் சொந்தப் பாலிசி.

கம்பெனி இன்சூரன்ஸிலிருந்து ஆரம்பிக்கிறேன். 3 லட்சம்தானே என்று அலட்சியமாக எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் போன்றவருக்கு அந்த 3 லட்சம், மற்றவருக்கு 30 லட்சம் பாலிசி மாதிரி. ஏனென்றால் பெரும்பாலான குரூப் பாலிசிகளில் ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலமே கிடையாது, முதல் நாளிலிருந்தே செல்லும். எச்ஆரிடம் வாய்வார்த்தையாகக் கேட்காமல் பாலிசி வாசகத்தையே வாங்கிப் படியுங்கள். "உட்புறப் பிறவிக் கோளாறுகள்" சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருதயக் கோளாறு வெளியே தெரியாதது என்பதால் உட்புறம் என்ற வகையில் வரும். அறை வாடகைக்கு வரம்பு உண்டா என்பதையும் பாருங்கள். வரம்பைத் தாண்டிய அறையில் தங்கினால் டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். வால்வு போன்ற உட்பொருத்தும் சாதனங்களிலும் மருந்துகளிலும் அப்படி வெட்டக்கூடாது என்பது விதி. பில்லில் அதை நீங்களே சரிபார்க்க வேண்டும்.

அடுத்து, பல கம்பெனிகளில் ஊழியர் சொந்தக் காசு கட்டி குரூப் பாலிசியின் மேல் டாப்-அப், அதாவது கூடுதல் காப்பு, வாங்கிக்கொள்ளலாம். வருடாந்தரப் புதுப்பிப்பின்போது மட்டும் ஒரு சின்ன ஜன்னல் திறக்கும், இரண்டு வாரத்தில் மூடிவிடும். நம்மில் பாதிப் பேர் அந்த மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை. அது அடிப்படைப் பாலிசியின் விதிகளையே பின்பற்றினால், இந்த வால்வுக்கு உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மலிவான பணம் அதுதான்.

பெங்களூர் வேலைக்கு என் பதில், இப்போது வேண்டாம். மாதம் 23,000 அதிகம், முப்பது மாதத்தில் 6.9 லட்சம் என்று நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். இன்று வீட்டுச் சாப்பாடு, வாடகை இல்லை. அங்கே போனால் வாடகையும் சாப்பாடும் போக்குவரத்தும் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். இன்சூரன்ஸும் போய், ஆபரேஷனுக்கு ஒன்றரை இரண்டு மாதம் விடுப்பும் கேட்க வேண்டியிருந்தால், சேர்ந்து ஒரு வருடமாகாத சின்னக் கம்பெனி எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. வால்வு மாற்றிய பிறகு தாராளமாகப் போங்கள்.

சொந்தப் பாலிசியில்தான் கவனம் தேவை. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பை 2024-ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அதிகபட்சம் 36 மாதமாகக் குறைத்துவிட்டது, முன்பு 48. தொடர்ந்து 60 மாதம் கட்டிவிட்டால், மோசடி நிரூபிக்கப்பட்டால் ஒழிய, "நீங்கள் அதைச் சொல்லவில்லை" என்று கிளெய்மை மறுக்க முடியாது. இது நல்ல செய்தி. அவ்வளவு நல்லதல்லாத செய்தியும் உண்டு. 2019-ல் ஐஆர்டிஏஐ தந்த விதிகளில், விண்ணப்பதாரரின் சம்மதத்தோடு நிரந்தரமாகவே விலக்கி வைக்கலாம் என்று ஒரு நோய்ப் பட்டியல் இருந்தது. பிறவி இருதய நோயும் வால்வு நோயும் அதில் உண்டு. ஆகவே உங்கள் விண்ணப்பத்துக்குப் பதிலாக, "இருதயம் தவிர மற்றதற்கெல்லாம் தருகிறோம், இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று ஒரு தாள் வரலாம். உடனே போட்டுவிட வேண்டாம். ஏற்கெனவே இருதய சிகிச்சை பெற்றவர்களுக்கென்றே தனிப் பாலிசி வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. ஒரு நல்ல புரோக்கர் மூலம், முறையான விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ரிப்போர்ட்டுகளை அனுப்பி, எடுப்பார்களா என்று கேட்டுவிடுங்கள். ஐந்து இடத்தில் ஒரே நேரத்தில் விண்ணப்பித்து நிராகரிப்பு வாங்கினால், அடுத்த ஃபாரத்தில் "இதற்கு முன் யாராவது மறுத்தார்களா" என்ற கட்டத்தில் அதையும் எழுத வேண்டிவரும். எங்குமே இருதயத்தைச் சேர்க்க மாட்டார்கள் என்றால், விலக்கோடாவது ஒன்று எடுங்கள். டெங்குவும் விபத்தும் உங்களுக்கு மட்டும் வராமல் போகாது.

இப்போதைய குரூப் பாலிசியிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வசதியும் இருக்கிறது. குரூப்பில் கழித்த வருடங்கள் காத்திருப்பில் கழியும். வேலையை விடும் நாள் வந்தால், கடைசி நாளுக்கு முன்பே இதைக் கேளுங்கள். தனிநபர் பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை என்பது சின்ன ஆறுதல். வரிச் சலுகைக்காக எதையும் வாங்க வேண்டாம். உங்கள் சம்பளத்துக்குப் புதிய வரிமுறையில் வரியே வராது.

ஆயுள் காப்பீடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பெற்றோர் உங்களை நம்பியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஆபரேஷன் காத்திருக்கும்போது டேர்ம் பாலிசிக்கு (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) விண்ணப்பித்தால் "முடித்துவிட்டு வாருங்கள்" என்று தள்ளிவைக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதுவரை, வங்கி மூலம் வருடம் ரூ.436-க்குப் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டம் இருக்கிறது. மருத்துவப் பரிசோதனை இல்லை, முதல் 30 நாள் கழித்து 2 லட்சத்துக்குக் காப்பு. பி.எஃப் பிடித்தம் இருந்தால் அதோடு சேர்ந்த காப்பீட்டில் 7 லட்சம் வரை உண்டு. நாமினி பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

சரி, சேமிப்பு. எஸ்ஐபியை இப்போதைக்கு நிறுத்துங்கள். எஸ்ஐபியை நிறுத்தச் சொல்லும் ஆலோசகரை நீங்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். இரண்டு மூன்று வருடத்தில் தேவைப்படும் பணம் பங்குச் சந்தையில் இருக்கக்கூடாது. டாக்டர் தேதி குறிக்கும் வாரத்திலேயே சந்தை விழுந்தால் என்ன செய்வீர்கள்? இருக்கும் 3.2 லட்சத்தையும் எஃப்டிக்கு மாற்றுங்கள். லாபம் நிதியாண்டில் 1.25 லட்சத்துக்குள் இருந்து, யூனிட்டுகள் ஒரு வருடம் தாண்டியிருந்தால் வரியும் இல்லை. அந்த 10,000-உடன் இன்னும் 5,000 சேர்த்து மாதம் 15,000 ஆர்டி போட்டால், 6.5% வட்டியில் முப்பது மாதத்தில் ஏறக்குறைய 4.9 லட்சம் வரும். பழைய எஃப்டி 4.7 லட்சத்தை நெருங்கும். எல்லாம் சேர்த்து 12 லட்சத்துக்கு மேல் சொந்தப் பணம், அதன்மேல் கம்பெனியின் 3 லட்சம். கதீட்டர் வழியும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. எந்த வழி என்பதை உங்கள் வால்வின் அமைப்பைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும், பணத்தை வைத்து நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். எஸ்டிமேட்டை எழுத்தில், இரண்டு இடத்தில் வாங்குங்கள். திருவனந்தபுரத்தில் மத்திய அரசின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் கோவையிலிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரம்தான். பிறவி இருதயக் கோளாறையே தனியாகப் பார்க்கும் டாக்டரிடம் காட்டுவது முக்கியம். பணம் சேரட்டும் என்று தேதியை மட்டும் தள்ளாதீர்கள். கீழறை ஓர் அளவுக்கு மேல் விரிந்துவிட்டால், வால்வு மாற்றினாலும் பழையபடி சுருங்காது.

வீடு? 45 லட்சத்துக்கு 20 வருடம், 8.5% என்றால் மாதம் 39,000 தவணை. முன்பணத்துக்கு எஃப்டியும் ஃபண்டும் காலி. அப்புறம் ஆபரேஷனுக்குத் தனிநபர் கடன்தான். அப்பாவிடம் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வால்வுக்கு அப்புறம் என்று சொல்லுங்கள். அப்படி எடுக்கும்போது வங்கி கடனோடு சேர்த்து ஒரு பக்க இன்சூரன்ஸ் ஃபாரத்தையும் நீட்டும். "எனக்கு எந்த நோயும் இல்லை" என்று அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்து கேட்பார்கள். அங்கேயும் அதே தழும்பு நினைவில் இருக்கட்டும்.

இந்த வாரம் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடுங்கள். அப்பாவின் பீரோவிலோ பரணிலோ இருக்கும். இல்லையென்றால் ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பிரிவில், ஆண்டும் உங்கள் பெயரும் குறிப்பிட்டு நகல் கேட்டு எழுதிக் கொடுங்கள். இன்சூரன்ஸ்காரரும் சர்ஜனும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.