கூகுளிடம் கேட்டுவிட்டுத்தான் திறக்குமா?

கேள்வி: என் பழைய ஆண்ட்ராய்டு போனுக்குக் கம்பெனி அப்டேட் தருவதை நிறுத்திவிட்டது. மகன் அதில் லினியேஜ் ஓஎஸ் என்ற வேறொரு ஆண்ட்ராய்டு சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தான். அருமையாக ஓடுகிறது. ஆனால் வங்கி ஆப் மட்டும் ‘இந்தச் சாதனம் பாதுகாப்பற்றது’ என்று மூடிக்கொள்கிறது. அதே வங்கியின் தளம் பிரவுசரில் திறக்கிறது. நாளைக்கு அதுவும் மூடிவிடுமா?
- வாசகி, நாமக்கல்

பதில்: மகனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் செய்தது நல்ல வேலை. உங்கள் போன் எப்படிப்பட்டது என்று வங்கி ஆப் உங்களிடம் கேட்பதில்லை, கூகுளிடம் கேட்கிறது. பிளே இன்டெக்ரிட்டி என்று அதற்குப் பெயர். பூட்லோடர் (போனை இயக்கும்போது எந்த சிஸ்டத்தை ஏற்றலாம் என்று பார்க்கும் நிரல்) பூட்டியிருக்கிறதா, உள்ளே இருப்பது கூகுள் அங்கீகரித்த சிஸ்டம்தானா என்று பார்த்து, கையெழுத்திட்ட பதில் ஒன்று வரும். லினியேஜ் போட பூட்லோடரைத் திறந்தாக வேண்டும், அங்கேயே தோற்றாயிற்று. வேடிக்கை என்னவென்றால், பல வருடமாக அப்டேட்டே பார்க்காத பூட்டிய போன், வங்கி கடுமையான சோதனை வைக்காதவரை, சுலபமாகத் தேறிவிடும். புதிய பாதுகாப்புத் திருத்தங்களோடு இருக்கும் உங்கள் போன் தேறாது. இதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிரவுசருக்கு வருவோம். உங்கள் பயம் வீண் பயமில்லை. 2023-இல் கூகுள் பொறியாளர்கள் ‘வெப் என்விரான்மென்ட் இன்டெக்ரிட்டி’ என்ற யோசனையை வைத்தார்கள். மனிதர்போல் நடிக்கும் தானியங்கி நிரல்களான பாட்களையும் விளம்பர மோசடியையும் தடுக்க, இணையதளமே உங்கள் சாதனத்துக்குச் சான்று கேட்கலாம் என்பது திட்டம். ஃபயர்பாக்ஸ் பிரவுசரைத் தரும் மோசில்லா எதிர்த்தது. பிரேவ், தன் பிரவுசரில் சேர்க்கமாட்டேன் என்றது. நவம்பரில் கூகுள் கைவிட்டது. ஆனால் ஆப்பிள் அதற்கு முந்தைய வருடமே ஐஓஎஸ் 16-இல் இதே ரகத்தில் ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. ‘நீ மனிதன்தானா’ என்று சோதிக்கும் கேப்சா தொல்லை குறையும் என்றதால் பெரிதாக யாரும் சத்தம் போடவில்லை. நீங்கள் யார் என்பதை அது தளத்துக்குச் சொல்லாது, அந்த மட்டில் நல்லதுதான். ஆனால் எந்தக் கருவி யோக்கியமானது என்று தீர்ப்புச் சொல்வது அதைத் தயாரித்த கம்பெனியே.

இப்போதைக்குப் பிரவுசரிலேயே கணக்கைப் பாருங்கள். பூட்லோடர் திறந்திருப்பதை மறைக்க யாரோ எழுதிய மாட்யூலுக்கு (துணை நிரலுக்கு) ரூட் அனுமதி, அதாவது போனின் முழு அதிகாரம், கொடுத்துவிட்டு, அதே போனில் பணம் அனுப்பாதீர்கள். அப்புறம், வங்கிக்கு ஒரு கடிதம் போடுங்கள், ‘தளத்தை நிறுத்திவிடாதீர்கள்’ என்று. ஆப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் நினைக்கும் நாளில், அந்தக் கடிதம் ஃபைலில் இருக்கட்டும்.