ஜெர்மனிக்கு நாயுடன் குடிபெயர்கிறேன். வாடகை வீடு தேடும்போது நாய் இருப்பதைச் சொல்லாமல் மறைக்கலாமா?

மறைக்காதீர்கள். நான் மறைத்தேன், கைக்கு வந்த வீடு நழுவிப் போயிற்று. அவசரத்தில் இருப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். கதை கொஞ்சம் நீளம்.

கேள்வியில் நீங்கள் அதிகம் சொல்லவில்லை. வேலை உறுதியாகிவிட்டது, மூன்று மாதத்தில் கிளம்ப வேண்டும், முதலில் நீங்கள் போய் வீடு பார்ப்பீர்கள், பிறகு அப்பா நாயை அனுப்பிவைப்பார், விண்ணப்பத்தில் நாயைப் பற்றி வாயே திறக்காதே என்கிறார்கள் நண்பர்கள். இவ்வளவுதான். பெர்லின் மாதிரி ஒரு பெரிய நகரத்துக்கு வருகிறீர்கள், கணினி வேலை, நாயும் நடுத்தர அளவு என்று நானாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வீட்டுப் பேச்சுக்கு முன்னால் ஒன்று. மூன்று மாதம் போதாது. இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும் நாய்க்கு முதலில் மைக்ரோசிப் வைக்க வேண்டும். அதன் பிறகுதான் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. ஊசி போட்டு 30 நாள் ஆனபின் ரத்தம் எடுத்து, ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 அலகாவது இருக்க வேண்டும். அது சரியாக வந்தாலும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் கழிந்த பிறகே நாய் உள்ளே வரலாம். ஆக, குறைந்தது நாலு மாதம். எங்கள் நாய்க்கு ஊசியை முதலில் போட்டுவிட்டு, சிப்பை இரண்டு வாரம் கழித்து வைத்தார் மருத்துவர். அந்த ஊசி கணக்கில் சேராது. மறுபடி முதலிலிருந்து.

அப்பா பிறகு அனுப்பிவைப்பார் என்பதும் அவ்வளவு எளிதில்லை. உங்கள் சொந்த நாயாக, வணிக நோக்கமில்லாமல் வருகிறது என்று கணக்காக வேண்டுமானால், உங்கள் பயணத்துக்கும் அதன் பயணத்துக்கும் நடுவே ஐந்து நாளுக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. இரண்டு மாதம் கழித்து அப்பா ஏற்றிவிட்டால் விதிகளே வேறு. ஆகவே, ஒன்று நீங்கள் திரும்ப ஊருக்குப் போய்க் கூட்டிவர வேண்டும்; அல்லது என்னைப் போல நாயோடு வந்து இறங்கி, நாயோடே வீடு தேட வேண்டும். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் நாயின் பெயர் செவலை. பெயருக்கேற்ற நிறம், 17 கிலோ, ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். 2020 ஊரடங்கில் கோவை பீளமேட்டில் எங்கள் தெருமுனை பேக்கரி மூடிக் கிடந்தபோது, அதன் படிக்கட்டில் ஒண்டிக்கொண்டிருந்தது. சுத்தமான நாட்டு நாய். பெர்லினுக்குக் கூட்டிப் போகிறேன் என்றதும் அம்மாவே, "ஜாதி நாயா இருந்தாலாவது பரவாயில்லை" என்றார்.

நாய்க்குச் செலவழித்த காசில் நாலு ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கலாமே என்று கீழே எழுத வருபவர்களுக்கு: நீங்கள் எத்தனை பேரைப் படிக்க வைத்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. என் சம்பளம், என் நாய். தெரு நாய் கடித்து ஊரில் குழந்தைகள் சாகிறார்களே என்பவர்கள் சொல்வது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. தெருவில் ஒன்று குறைந்ததே என்று ஆறுதல் கொள்ளுங்கள்.

2022 அக்டோபரில் ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கினோம். அங்கிருந்து பெர்லினுக்கு ரயில். பூனையைவிடப் பெரிய நாய்க்கு அரை டிக்கெட் எடுக்க வேண்டும், வாய்மூடியும் போட வேண்டும். போரடிக்கும் மாட்டுக்குக் கட்டுவார்களே, வாய்க்கூடை, அதே தினுசு. செவலை அதை மாட்டிக்கொண்டு என் காலடியில் நாலு மணி நேரம் ஆடாமல் படுத்திருந்தது. எதிர் இருக்கைக்காரர் இறங்கும்போது என்னைப் பார்க்காமல் அதனிடம் விடைபெற்றுக்கொண்டு போனார்.

தங்குவதற்கு நொய்க்கோல்ன் பகுதியில் தட்டுமுட்டுச் சாமானோடு ஒரு தற்காலிக அறை பிடித்திருந்தேன். ஒரு மாதம் என்று எடுத்தது மூன்று மாதமாயிற்று. அந்த மூன்று மாதத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் அனுப்பினேன். ஒன்பது வீட்டைப் பார்க்க அழைப்பு வந்தது. பெர்லினில் வீடு பார்ப்பதென்றால் நாமும் வீட்டுக்காரரும் போய்ப் பார்ப்பதில்லை. ரேஷன் கடை வரிசை போல மாடிப்படியில் நாற்பது பேர் நிற்பார்கள். ஐந்தைந்து பேராக உள்ளே விடுவார்கள். ஆளுக்கொரு கோப்பு கையில் இருக்கும்: மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஷூஃபா என்கிற கடன் நாணயச் சான்று, பழைய வீட்டில் வாடகை பாக்கி இல்லை என்ற கடிதம். நேற்று வந்து இறங்கியவளிடம் இதெல்லாம் ஏது? வேலை ஒப்பந்தத்தை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றேன்.

தகவல் படிவத்தில் ஒரு வரி இருக்கும்: "ஹௌஸ்டீயரே?" செல்லப்பிராணி உண்டா என்பது. முதல் நாலு வீட்டுக்கும் "உண்டு, நாய், கலப்பினம்" என்று எழுதினேன். ஒரு தரகர் மட்டும் தொலைபேசியில் கூப்பிட்டு எதோடு எது கலந்தது என்று கேட்டார். பிட்புல் வகைகளும் அவற்றின் கலப்புகளும் பெர்லினில் ஆபத்தான நாய்ப் பட்டியலில் இருப்பதால் அவருக்குக் கவலை. நாலாயிரம் வருடமாகக் கலந்தது, எதோடு என்று எப்படிச் சொல்ல முடியும் என்றேன். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.

ஐந்தாவது வீட்டுக்கு "இல்லை" என்று எழுதினேன். அலுவலகத்தில் ஒரு தமிழ் நண்பர் சொன்ன யோசனை. உங்கள் நண்பர்கள் சொல்வது போலத்தான். கையெழுத்துப் போட்ட பிறகு வெளியேற்ற முடியாது, இங்கே சட்டம் குடியிருப்பவர் பக்கம் என்றார். வீடும் கிடைத்துவிட்டது. ஷ்டெக்லிட்ஸில் இரண்டு அறை, பால்கனி, பக்கத்தில் பூங்கா. ஒப்பந்தத்துக்கு முந்தின வாரம் ஜன்னலை அளந்துகொள்ளலாம் என்று தரகர் அம்மாள் வரச் சொன்னார். கறுப்புக் கம்பளிக் கோட்டோடு போனேன். அவர் பேசிக்கொண்டே என் முழங்கைக்கு மேலிருந்து ஒரு மயிரை இரண்டு விரலால் எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அரை அங்குலம், நுனி வெளுத்து அடி செவந்திருந்தது. "என் அக்காள் வீட்டில் நாய் உண்டு" என்று சொல்லிவிட்டு, அதை ஜன்னல் திட்டில் வைத்தார். கீழே போடவில்லை, திட்டில் வைத்தார். நான் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் மின்னஞ்சல் வந்தது. அதில் நாய் என்ற சொல்லே இல்லை. படிவத்தில் தவறான தகவல் தந்ததால் வீட்டு உரிமையாளர் வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்று இரண்டு வரி. ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீடு போனதுகூடப் பெரிதில்லை. ஊரில் இத்தனை பேரிடம் அது எங்கள் வீட்டுப் பிள்ளை என்று சொல்லித் திரிந்தவள், ஒரு காகிதத்தில் "இல்லை" என்று எழுதிவிட்டேனே என்பதுதான்.

நண்பர் சொன்ன சட்டமும் அரைகுறைதான். ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2013 மார்ச் 20 அன்று ஒரு தீர்ப்புச் சொன்னது. நாய், பூனை எதுவுமே கூடாது என்று அச்சிட்ட வாடகை ஒப்பந்தத்தில் ஒட்டுமொத்தமாகப் போட்டால் அந்த நிபந்தனை செல்லாது. வீட்டுக்காரர், குடியிருப்பவர், அக்கம்பக்கத்தார் எல்லோருடைய நலனையும் அந்தந்த விவகாரத்தில் எடைபோட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். இதைப் பலரும் "நாய் வைத்துக்கொள்ளலாம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது" என்று சுருக்கிவிடுகிறார்கள். எடைபோடுவது என்றால் எதிராகவும் தட்டு இறங்கலாம். அந்த வழக்கில் வந்ததே 20 சென்டிமீட்டர் உயரமுள்ள நாய். செவலை அதைப்போல் இரண்டரை மடங்கு. வெள்ளெலி, மீன் போன்றவற்றுக்குத்தான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கேட்காமல் நாயைக் கொண்டுவந்தால் முதலில் எச்சரிக்கைக் கடிதம் வரும், பிறகு வழக்கு வரலாம். மேலும் இந்தத் தீர்ப்பு வீட்டுக்குள் இருப்பவருக்கு. மாடிப்படியில் நிற்கும் நாற்பது பேரில் நாயில்லாத முப்பத்தொன்பது பேரில் ஒருவரைப் பொறுக்கிக்கொள்ள வீட்டுக்காரருக்கு எந்தத் தடையும் இல்லை. (நான் வக்கீல் இல்லை. இங்கே குடியிருப்போர் சங்கங்கள் உண்டு; சந்தா கட்டினால் ஆலோசனை சொல்வார்கள்.)

பிறகு எப்படிக் கிடைத்தது? செவலை வாங்கித் தந்தது. டெம்பல்ஹோஃப் என்று மூடிப்போன பழைய விமான நிலையம் ஒன்று நகரத்துக்கு நடுவே திடலாகக் கிடக்கிறது. அதில் நாய்களை அவிழ்த்துவிட வேலி போட்ட இடங்கள் உண்டு. தினமும் மாலை அங்கே போவோம். கோவையில் "தெரு நாயா?" என்று கேட்டு ஓர் அடி தள்ளி நிற்பார்கள், இங்கேயும் அதே கேள்விதான், ஆனால் கேட்டுவிட்டுக் குனிந்து தடவுவார்கள். ருமேனியாவிலிருந்து தெரு நாய்களைத் தத்தெடுத்து வளர்ப்பவர்கள் இங்கே ஏராளம். அப்படி மூன்று கால் நாயோடு வரும் ஒரு செவிலியர் பழக்கமானார். அவர் லைப்சிக்குக் குடிபோவதாகவும், தன் வீட்டுக்கு அடுத்து ஓர் ஆளைத் தேடுவதாகவும் டிசம்பரில் சொன்னார். கட்டட நிர்வாகத்துக்குத் தானே கடிதம் எழுதினார்: எட்டு வருடம் நாயோடு இருந்தேன், யாரும் புகார் சொன்னதில்லை, அடுத்து வருபவருக்கும் நாய் உண்டு, எனக்குத் தெரிந்த நாய்.

நிர்வாகம் என்னிடம் மூன்று கேட்டது: வேலை ஒப்பந்தம், மூன்று மாத அட்வான்ஸ், நாய்க்கான பொறுப்புக் காப்பீட்டுச் சான்று (நாய் யாருக்காவது சேதம் விளைவித்தால் ஈடுகட்டுவது). சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவளுக்கு மூன்று மாதம் பெரிதாகத் தெரியவில்லை. அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம் என்று சட்டம். காப்பீடு பெர்லினில் எப்படியும் கட்டாயம். வரியும் உண்டு, முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ. என் வதிவிட அட்டை வருவதற்கு முன்பே செவலையின் கழுத்தில் மாட்டும் வரி வில்லை தபாலில் வந்துவிட்டது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது, எங்கே ஏற்கெனவே நாய் இருக்கிறதோ, இருந்து காலியாகிறதோ, அந்த வீட்டைத் தேடுங்கள். அங்கே வீட்டுக்காரர் ஒருமுறை சம்மதித்துவிட்டார். இரண்டாம் முறை மறுக்க அவருக்கும் கஷ்டம். விளம்பரங்களில் அது தெரியாது, நாய்க்காரர்களிடம்தான் தெரியும். விண்ணப்பத்தில் நாயின் படமும், வயது, எடை, ஊசி, காப்பீடு எல்லாமும் ஒரு பக்கத்தில் இருக்கட்டும். எனக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது, நாய்க்கு சுயவிவரமா என்று. இங்கே அதைப் படிக்கிறார்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. இங்கே பல வாடகை வீடுகளில் சமையலறை கிடையாது. அறை இருக்கும்; அடுப்பு, அலமாரி, கை கழுவும் தொட்டி எதுவும் இருக்காது. சுவரிலிருந்து இரண்டு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். காலி செய்கிறவர் கழற்றிக்கொண்டு போய்விடுவார், அல்லது வருகிறவர் தலையில் கட்டுவார். ஐரோப்பாவின் பெரிய பொருளாதாரம் என்கிறார்கள், குடிவருபவன் முதல் நாள் ஒரு டம்ளர் காபி போட வழியில்லை. இதை நாகரிகம் என்று எப்படி ஏற்றுக்கொண்டார்களோ தெரியவில்லை. அந்தச் செவிலியரும் தன் சமையலறைக்கு 2,800 யூரோ கேட்டார். பன்னிரண்டு வருடப் பழசு, ஒரு இழுப்பறை திறந்தால் மூடாது, மூடினால் திறக்காது. ஆயிரம்கூடப் பெறாது. செவலை அவருடைய மூன்று கால் நாயின் மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. நான் பேரம் பேசவில்லை. நீங்கள் பேசுங்கள்.