பல்செட்டுக்குக் கொக்கி இறுக்கமாக இருந்தால் போதுமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 64. கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்களை எடுத்தாகிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் செய்த பிளாஸ்டிக் பல்செட் சாப்பிடும்போதே தூக்கிக்கொண்டு வருகிறது. கம்பியை இறுக்கிக் கொடுத்தார்கள். பத்து நாளில் பழையபடி ஆகிவிட்டது. ஒரு டாக்டர் மெட்டல் செட் போடச் சொல்கிறார். இன்னொரு இடத்தில், கம்பியே தெரியாத ஃப்ளெக்சிபிள் செட் நல்லது என்கிறார்கள். எதற்குப் பணம் கொடுப்பது?

பதில்: மீதமுள்ள பற்கள் ஆடாமல் உறுதியாக இருந்தால் மெட்டல் செட்டுக்கே கொடுங்கள். கொக்கி, அதாவது பல்லைப் பிடிக்கும் கம்பி, எவ்வளவு இறுக்கம் என்பதைவிட, செட் எதன் மேல் உட்காருகிறது என்பதுதான் முக்கியம்.

செம்பின் கழுத்தில் கட்டிய கயிறு விளிம்பைத் தாண்டி நழுவாது. பல்லும் அப்படித்தான்: மேலே புடைத்திருக்கும், ஈறுக்கு அருகே ஒடுங்கும். கொக்கியின் மெல்லிய நுனி அந்தப் புடைப்பைத் தாண்டி, ஒடுக்கத்தில் போய் அமரும். மெட்டல் செட்டில் வரும் கோபால்ட்-குரோமிய உலோகக் கொக்கிக்கு 0.25 மி.மீ. ஒடுக்கம் இருந்தாலே போதும். மேலும் மேலும் இறுக்கினால், தாங்கி நிற்கும் பல்லுக்குத்தான் கேடு.

கொக்கி செய்வது செட் மேலே கிளம்பாமல் பிடிப்பது மட்டும். மெல்லும்போது கீழே அமுங்காமல் தாங்குவது 'ரெஸ்ட்' என்னும் சிறு உலோகத் தாங்கி. பக்கத்துப் பல்லின் மேல்பரப்பில் டாக்டர் சின்னப் பள்ளம் அமைப்பார். தாங்கி அதில் வந்து உட்காரும். கம்பி போட்ட பிளாஸ்டிக் செட்டிலும் ஃப்ளெக்சிபிளிலும் பெரும்பாலும் இது இருப்பதில்லை. பாரம் முழுக்க ஈறு மேல் விழும். ஈறுக்கு அடியில் எலும்பு தேயத் தேய செட் இறங்கி ஆடும். கம்பியை மட்டும் இறுக்கியது நிலைக்காமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

அம்மாவுக்குப் பின்னால் பிடிக்கப் பல்லே இல்லை. அதனால் மெட்டல் செட்டிலும் பின்பகுதி ஈறு மேல்தான் இருக்கும். வருடத்துக்கு ஒரு முறை காட்டி, தேவைப்பட்டால் அடிப்பாகத்துக்கு அக்ரிலிக் சேர்த்து ஈறோடு பொருந்தச் செய்துகொள்ள வேண்டும். நைலானில் செய்த ஃப்ளெக்சிபிளில் இந்த வேலை கடினம். முன்பல் ஒன்றிரண்டுக்கு, பார்வைக்காக, அது சரி. இருபுறக் கடைவாய்க்கு நான் சொல்ல மாட்டேன்.

பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: "எந்தப் பற்களில் ரெஸ்ட் வைக்கப்போகிறீர்கள்?" பள்ளம் அமைத்த பிறகுதான் கடைசி அளவு எடுக்க வேண்டும். முதல் நாளே பல்லைத் தொடாமல் அச்சு எடுத்து அனுப்புகிறேன் என்றால், ஏன் என்று விளக்கம் கேளுங்கள். பல் பொருத்தும் முன் உலோகச் சட்டத்தை மட்டும் வாயில் வைத்துப் பார்ப்பார்களா என்றும் கேளுங்கள்.

உலோகத்தின் பெயரோடு பில் வாங்குங்கள். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. சிக்கல் வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். செட்டை வாயில் வைத்துக் கடித்து உட்கார வைக்கக் கூடாது. விரலால் அழுத்தியே மாட்ட வேண்டும். கழற்றும்போது ஒரு பக்கக் கம்பியை மட்டும் நகத்தால் நெம்பாமல், இரண்டு பக்கமும் சேர்த்துத் தூக்க வேண்டும். வீட்டுக் குறடு பக்கமே போக வேண்டாம். பழைய செட்டையும் எறிந்துவிடாதீர்கள். புதியது லேபில் இருக்கும் வாரங்களில் அம்மா சாப்பிட அது ஒன்றுதான் இருக்கும்.